இரண்டு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?

மாணவர்களே! ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்துவது என்றால் என்ன? "வேகத்தை இல்லாமற் செய்வது" என்று நீங்கள் விடை கூறலாம். அது தவறன்று. ஆனால் ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்றும் நீங்கள் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் வண்டி நின்றபின் அதன் இயக்க ஆற்றல் எங்கே போயிற்று? அது வெப்பமாக மாறிச் சக்கரத்தின் உட்புறத்தில் உள்ள ஓர் இரும்புத் தட்டில் தங்கி, அங்கிருந்து மெல்ல மெல்லக் காற்றில் கலக்கிறது. அந்தத் தட்டுக்குப் பிரேக் டிஸ்க் என்று பெயர். அது தேய்ந்தால் என்ன ஆகும், தேய்ந்ததை எப்படி அறிவது, எவ்வாறு மாற்றுவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். உங்கள் பாடநூலில் உள்ள ஐந்தாறு விதிகள் ஒரே சக்கரத்தில் வேலை செய்வதையும் காண்பீர்கள்.

ஒரு டிரிப் ஓடாதா?

தென்காசி மாவட்டத்தில் திருவேங்கடம், சங்கரன்கோவில் பகுதி கரிசல் பூமி. சாலைகள் பெரும்பாலும் மேடுபள்ளம் இல்லாதவை. இங்கே விளையும் பொருள்களை ஏற்றிக்கொண்டு சிறிய பிக்கப் வண்டிகள் தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை மலைப்பாதையில் ஏறி, ஆரியங்காவு கடந்து கேரளத்துக்குச் செல்கின்றன. ஊர்ப் பட்டறைகளில் இப்படி ஒரு பேச்சை நீங்கள் கேட்டிருக்கக்கூடும்:

"அண்ணாச்சி, டிஸ்க்கு மேலாகப் பார்த்தால் நல்லாத்தானே இருக்கு? இன்னும் ஒரு டிரிப் ஓடாதா?"

"உள்ளூருக்குள்ளே ஓடும் தம்பி. மலை இறங்கும்போது அது ஓடும், நிற்காது!"

கேட்பவருக்கு வருமானக் கவலை. புதுத் தட்டுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். வண்டி நின்றால் அன்றைய வாடகையும் போய்விடும். சொல்பவருக்கோ உயிர்க் கவலை. இருவரில் யார் சொல்வது சரி என்பதை ஊகத்தால் அல்ல, அளந்தும் கணக்கிட்டும் முடிவு செய்யலாம்.

காலின் விசை தட்டுக்குச் செல்லும் விதம்

பெரும்பாலான சிறு சரக்கு வண்டிகளில் முன் சக்கரங்களில் தட்டுப் பிரேக்கும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருக்கும். தட்டுப் பிரேக்கின் அமைப்பு எளியது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. அதன் விளிம்பைக் கவ்வியபடி காலிப்பர் என்னும் ஒரு கவ்வி. கவ்வியினுள் தட்டுக்கு இருபுறமும் இரண்டு பிரேக் பேடுகள். மிதிவண்டியின் பின் சக்கர விளிம்பை இரு ரப்பர்க் கட்டைகள் பிடிப்பதை நினைவுகூருங்கள். இதுவும் அதே முறைதான்.

ஓட்டுநர் மிதியை 300 நியூட்டன் விசையுடன் அழுத்துவதாகக் கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அதன் இயந்திர லாபம் 4 எனில், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன்மேல் 1,200 நியூட்டன் விசை செயற்படும். அந்தப் பிஸ்டனின் பரப்பு 3 சதுர செ.மீ. எனில், நீர்மத்தில் தோன்றும் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 400 நியூட்டன். பாஸ்கல் விதிப்படி இதே அழுத்தம் குழாய்கள் வழியே குறையாமல் காலிப்பரை அடைகிறது. அங்குள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர செ.மீ. என்றால், பேடு தட்டை 8,000 நியூட்டன் விசையுடன் அழுத்தும். அதாவது 800 கி.கி. நிறையுள்ள ஒரு பொருளின் எடைக்குச் சமமான விசை! இதோடு பல வண்டிகளில் காலின் விசையைப் பெருக்கித் தரும் வெற்றிட உதவிக் கருவியும் உண்டு.

இந்த விசை ஏற்படுத்தும் உராய்வே சக்கரத்தை நிறுத்துகிறது. உராய்வு உள்ள இடத்தில் வெப்பமும் உண்டு.

வெப்பக் கணக்கு

பாரத்தோடு சேர்த்து 2,500 கி.கி. நிறையுள்ள ஒரு பிக்கப் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல்:

½ × 2,500 × 20 × 20 = 5,00,000 ஜூல்.

பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்புறம் சாய்வதால், முன் பிரேக்குகளே பெரும்பங்கை ஏற்கின்றன. அப்பங்கை 70 விழுக்காடு எனக் கொண்டால் இரு முன் தட்டுகளுக்கும் 3,50,000 ஜூல்; ஒரு தட்டுக்கு 1,75,000 ஜூல்.

தட்டில் உராயும் வளையத்தின் நிறை 7 கி.கி. என்றும், வார்ப்பிரும்பின் தன்வெப்பம் ஏறத்தாழ 500 ஜூல்/கி.கி. டிகிரி என்றும் கொள்வோம். வெப்பநிலை உயர்வு:

1,75,000 ÷ (7 × 500) = 50 டிகிரி செல்சியஸ்.

ஒரே ஒரு முறை நிறுத்தியதற்கே 50 டிகிரி. வேகத்தைப் பாதியாக்கினால் இது கால்பங்காகக் குறையும்; ஏனெனில் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மெதுவாகச் செல்லுங்கள் என்னும் எச்சரிக்கைப் பலகையின் பின்னால் இந்த வர்க்கம் மறைந்து நிற்கிறது.

இப்பொழுது தட்டு தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புதிய தட்டின் மொத்தத் தடிமன் 22 மி.மீ. இது காற்றோட்டமுள்ள வகை, 7 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தகடுகள், நடுவே 8 மி.மீ. இடைவெளி. பக்கத்துக்கு 1 மி.மீ. தேய்ந்தால் மொத்தத் தடிமன் 20 மி.மீ. ஆகிறது. மொத்தத்தில் பதினொன்றில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் நடுவில் உள்ளது வெறும் இடைவெளி, தேய்ந்ததெல்லாம் இரும்பு. ஒவ்வொரு தகடும் 7 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ.க்கு வந்துவிட்டது. வெப்பத்தை ஏற்கும் இரும்பில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. நடுவிலுள்ள சிறு இணைப்புகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால் எஞ்சிய நிறை 6 கி.கி. அப்போது வெப்பநிலை உயர்வு:

1,75,000 ÷ (6 × 500) = 58 டிகிரி.

எட்டு டிகிரி வேறுபாடு பெரிதன்று. சமவெளியில் ஓட்டுநர் இதை உணரவே மாட்டார். ஆனால் ஆறுவதற்கு நேரமில்லாமல் பத்து முறை தொடர்ந்து நிறுத்த நேரிட்டால் புதிய தட்டில் உயர்வு 500 டிகிரி, தேய்ந்ததில் 583 டிகிரி. உண்மையில் இடையிடையே கொஞ்சம் வெப்பம் காற்றுக்குப் போகும் என்பதால் இவ்வளவு ஏறாது. ஆயினும் வேறுபாடு வளர்ந்துகொண்டே போகும் என்பது தெளிவு. மெல்லிய தட்டு விரைவில் சூடாகிறது, எளிதில் கோணுகிறது, மேற்பரப்பில் விரிசல் காண்கிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. தட்டும் தேய்ந்து பேடும் தேய்ந்தால், அந்த இடைவெளியை நிரப்பக் காலிப்பரின் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வரவேண்டியிருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் அதைத் தாண்டிப் பிடிக்காது. நீர்மம் கசிந்தால் அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாவிட்டால் பிரேக்கே இல்லை.

மலை இறங்கும்போது

சமவெளியில் இயக்க ஆற்றல் மட்டுமே கணக்கில் வரும். மலையில் நிலையாற்றலும் சேர்கிறது. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர். நமது 2,500 கி.கி. வண்டி காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கினால், சுமார் 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது:

2,500 × 9.8 × 1,900 = 4,65,50,000 ஜூல்.

இது எவ்வளவு வெப்பம்? 30 டிகிரியில் உள்ள 158 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. நான்கு சக்கரங்களின் பிரேக் இரும்பு மொத்தம் 30 கி.கி. என்று கொண்டு, இந்த வெப்பம் முழுதும் வெளியேறாமல் அதிலேயே தங்கிவிட்டால் வெப்பநிலை 3,000 டிகிரியைத் தாண்டவேண்டும். இரும்பு 1,538 டிகிரியிலேயே உருகிவிடும்! அப்படி உருகாமல் வண்டிகள் நாள்தோறும் இறங்கி வருகின்றனவே, எப்படி? காற்றுத் தடையும் டயரின் உருளுராய்வும் ஒரு பங்கை ஏற்கின்றன. தட்டின் இடைவெளியில் புகும் காற்று ஒரு பங்கை எடுத்துச் செல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்த கியரில் இறங்கினால் இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிய வண்டிகள் அங்கே பல முறை விபத்துக்குள்ளாகியிருக்கின்றன. இரண்டாம் கியரில் இறங்குக என்று அங்கே எச்சரிப்பது இதனால்தான்.

அளவுக்கு மீறிச் சூடானால் என்ன நிகழும்? முதலாவதாக, பேடுகளில் உள்ள பிசின் பொருள் சிதைந்து உராய்வு குறைகிறது. மிதி கெட்டியாகவே இருக்கும், வண்டி நிற்காது. இரண்டாவதாக, பிரேக் ஆயில் கொதிக்கிறது. பெயர்தான் ஆயில்; சாதாரண வண்டிகளில் அது கிளைக்கால் வகையைச் சேர்ந்த நீர்மம். டாட் 3 என்னும் தரத்துக்குப் புதிதில் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையக்கூடாது. ஆனால் இந்நீர்மம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறியபின் அத்தரம் கேட்கும் கொதிநிலை வெறும் 140 டிகிரிதான். நீர்மம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி தோன்றும். நீர்மத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதி தரைவரை இறங்கும். காலின் விசை முழுதும் குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும்.

தட்டின் கதை

தட்டுப் பிரேக் புதிய கருத்தன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த லாஞ்செஸ்டர் என்னும் பொறியியலறிஞர் 1902-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து காதைத் துளைக்கும் ஓசை எழுந்தது. விரைவில் தேய்ந்தும் போயிற்று. ஏற்ற உராய்வுப் பொருள் கிடைக்கும்வரை கருத்து காத்திருந்தது. 1953-இல் பிரான்சின் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தட்டுப் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றபின் உலகின் கவனம் இதன்பால் திரும்பியது. 1955-இல் சித்ரோன் நிறுவனம் தன் டி.எஸ். காரில் இதைப் பொருத்திப் பெருமளவில் விற்கத் தொடங்கியது. நம் தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த பாடியில் 1962-இல் தோன்றிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் வண்டிப் பிரேக்குகளைத் தயாரித்து வருகிறது.

தட்டுக்கு ஏன் சாம்பல்நிற வார்ப்பிரும்பு? அதில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு கார்பன் உண்டு. அதன் பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக இரும்பினூடே பரவிக் கிடக்கிறது. இச்செதில்கள் வெப்பத்தை நன்கு கடத்துகின்றன. அதிர்வை விழுங்கி ஓசையைக் குறைக்கின்றன. விலையும் மலிவு.

அளப்பது எப்படி?

தட்டின் நடுப்பகுதியிலோ ஓரத்திலோ அதன் குறைந்தபட்சத் தடிமன் எண்ணாக வார்க்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்தால் தட்டைப் பயன்படுத்தக்கூடாது. மேலே நாம் எடுத்துக்கொண்ட தட்டுக்கு இது 20 மி.மீ. எனக் கொள்வோம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பேடு படாத வெளி விளிம்பு தேயாமல் ஒரு வரம்புபோல் நிற்கும். வெர்னியர் அளவியின் நேரான தாடைகளால் பிடித்தால் அவை இந்த வரம்பின்மேல் உட்கார்ந்து, 21.9 மி.மீ. என்று பொய் சொல்லும். "மேலாகப் பார்த்தால் நல்லாத்தானே இருக்கு" என்றாரே ஓட்டுநர், அவர் கண்டதும் இந்த வரம்பைத்தான். திருகு அளவியின் முனைகளை வரம்பைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் அளந்தால் 19.7 மி.மீ. என்ற உண்மை வெளிப்படும். ஆய்வகத்தில் கம்பியின் விட்டத்தை 0.01 மி.மீ. வரை அளந்து பழகினீர்களே, அந்தப் பழக்கம் இங்கே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறது.

ஒரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது. சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்கவேண்டும். இடத்துக்கு இடம் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு மாறினாலே பிரேக் போடும்போது மிதி காலின்கீழ் துடிக்கும். நீலம் பாரித்த திட்டுகள் தெரிந்தால் அத்தட்டு 300 டிகிரியை ஒட்டிச் சூடேறியது என்று பொருள். மையத்திலிருந்து விளிம்புவரை ஓடும் விரிசல் இருந்தால் அளக்கவே வேண்டாம், கழற்றிவிட வேண்டியதுதான். லேத்தில் கொடுத்துக் கடையலாமா? கடைந்தபின்பும் தடிமன் வரம்புக்கு மேலே இருந்தால் மட்டும் கடையலாம். 19.7 மி.மீ. தட்டைக் கடைவது நோயாளியைப் பட்டினி போடுவது போன்றது.

மாற்றும் முறை

இது அனுபவமுள்ள மெக்கானிக் செய்யவேண்டிய வேலை. நீங்கள் அருகிருந்து பாருங்கள், ஒவ்வொரு படியிலும் "ஏன்?" என்று கேளுங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கிறார்கள். ஜாக்கி ஏற்றும் முன்பே சக்கர நட்டுகளைச் சிறிது தளர்த்துகிறார்கள். தரையின் உராய்வு இல்லாவிட்டால் சக்கரம் சுழன்றுவிடும் அல்லவா? நீளமான ஸ்பேனரைப் பயன்படுத்துவது திருப்புதிறனைப் பெருக்க. தூக்கியபின் வண்டியைத் தாங்கிகளின்மேல் இறக்குகிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் யாரும் போகக்கூடாது.

காலிப்பரைக் கழற்றியதும் அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிடவேண்டும். அதன் எடை ரப்பர்க் குழாயில் தொங்கினால் குழாய் உள்ளே அறுந்துவிடும். பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக்கூடாது. பழைய பேடுகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். ஈரத்துணியால் துடைப்பதே முறை.

துருப்பிடித்த தட்டு ஹப்பைவிட்டு வர மறுக்கும். இரும்பு துருவாகும்போது அதிக இடத்தை அடைப்பதால் இடுக்கெல்லாம் இறுகிவிடுகிறது. பல தட்டுகளில் இதற்கென்றே மரையிட்ட இரண்டு துளைகள் உண்டு. அவற்றில் போல்ட்டுகளை மாறிமாறித் திருகினால் தட்டு தானே விலகி வரும். திருகு என்பது ஒரு தண்டைச் சுற்றிய சாய்தளமே என்பதை நினைவில் கொள்க. பழைய பிக்கப்புகள் சிலவற்றில் தட்டும் ஹப்பும் ஒன்றாக இருக்கும். அவற்றில் பேரிங்கையும் கழற்றிப் புதுக் கிரீஸ் இட்டு, உரிய இறுக்கத்தில் பொருத்தவேண்டும்.

அடுத்து வருவது, அவசரக்காரர்கள் விட்டுவிடும் படி. ஹப்பின் முகத்தில் உள்ள துருவை முழுவதும் சுரண்டித் துடைக்கவேண்டும். 120 மி.மீ. விட்டமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. துருத்துணுக்கு ஒன்று சிக்கியது என்று கொள்வோம். தட்டின் விட்டம் 260 மி.மீ. வடிவொத்த முக்கோண விதிப்படி விளிம்பில் தட்டின் ஆட்டம்:

0.05 × 260 ÷ 120 = 0.11 மி.மீ. (ஏறத்தாழ)

பல வண்டிகளில் அனுமதிக்கப்படும் ஆட்டம் இதைவிடக் குறைவு. தலைமுடியின் தடிமன்கூட இல்லாத துரு புதுத் தட்டைப் பழைய தட்டாக்கிவிடும்!

புதுத் தட்டில் துருவேறாமல் தடவியுள்ள எண்ணெயை முழுதும் கழுவியபின்பே மாட்டவேண்டும். புதுத் தட்டுக்குப் புதுப் பேடுகள் வேண்டும். மேலும், ஒரு பக்கத் தட்டு மட்டும் கெட்டிருந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றவேண்டும். இடமும் வலமும் பிரேக் விசை சமமாக இல்லாவிட்டால் விசைகளின் வேறுபாடு வண்டியைத் திருப்ப முயலும். ஈரச் சாலையில் அது ஆளைக் கவிழ்க்கும். நட்டுகளை அடுத்தடுத்து அல்லாமல், எதிரெதிராக நட்சத்திர முறையில், நிறுவனம் குறித்த அளவுக்கு முறுக்கவேண்டும்.

எல்லாம் முடிந்தது; வண்டியை எடுக்கலாமா? கூடாது! புதுத் தடிமனான பேடுகளுக்கு இடம் தருவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறோம். முதல் மிதியில் பேடு தட்டைத் தொடாது. நின்ற நிலையிலேயே மிதியைப் பலமுறை அழுத்தி, அது கெட்டிப்பட்ட பிறகே கியரில் கைவைக்கவேண்டும். மிதி பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது, அதை வெளியேற்றவேண்டும். பின்னர் ஆளில்லாச் சாலையில் மிதமான வேகத்திலிருந்து மெதுவாகப் பலமுறை வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பேட்டையும் தட்டையும் ஒன்றுக்கொன்று பழக்கவேண்டும். மலைப்பயணம் அதன் பிறகுதான்.

ஓட்டுநரின் கேள்விக்கு இப்போது நீங்களே விடை சொல்லலாம். 19.7 மி.மீ. தட்டு அடுத்த தெருவரை அவரைக் கொண்டுசேர்க்கும். ஆரியங்காவைக் கடந்து தென்மலையை நோக்கிப் பாரத்தோடு இறங்கும்போது, அந்தத் தேய்ந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் அவருடைய உயிரும் எதிரே வருபவரின் உயிரும் இருக்கின்றன.

செய்து பாருங்கள்

1. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். சக்கர விளிம்பின் அருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். பென்சிலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைகிறதா? அதுவே ஆட்டம்.

2. ஊசியில்லாத சிறியதும் பெரியதுமான இரண்டு மருந்தேற்றிகளை மெல்லிய குழாயால் இணைத்து நீர் நிரப்புங்கள். இரு பெருவிரல்களால் எதிரெதிரே அழுத்திப் பாருங்கள், எது வெல்கிறது? பிறகு சிறிது காற்றுக் குமிழியை உள்ளே விட்டு அழுத்துங்கள். பஞ்சுபோன்ற மிதியின் பொருள் விளங்கும்.

கணக்கிடுங்கள்

1. நமது 2,500 கி.கி. வண்டி மணிக்கு 36 கி.மீ. வேகத்திலும், 54 கி.மீ. வேகத்திலும் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் என்ன?

2. ஹப்பின் விட்டம் 150 மி.மீ., தட்டின் விட்டம் 300 மி.மீ., துருத்துணுக்கு 0.04 மி.மீ. தட்டின் ஆட்டம் எவ்வளவு?

3. உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று படித்தோம். அப்படியானால் பேட்டை ஒரு ரூபாய்க் காசளவுக்குச் செய்தால் என்ன?

விடைகள்: 1) 1,25,000 ஜூல், 2,81,250 ஜூல். 2) 0.08 மி.மீ. 3) விசை குறையாது, ஆனால் வெப்பமும் தேய்மானமும் அந்தச் சிறு பரப்பிலேயே குவிந்து, பேடு விரைவில் கருகித் தீர்ந்துவிடும்.